கல்குவாரி மண்மேட்டில் புல் பிடிக்கவில்லை (மேலூர் பக்கம், 2 ஏக்கர்): எங்கே தப்பு?

சுக்கான்காடு:
வணக்கம். குத்தகை முடிந்த கிரானைட் குவாரி. மொத்தம் 6 ஏக்கர் பட்டா, அதில் குழி போக 2 ஏக்கரில் கழிவு மேடு. மேட்டின் உயரம் 8 மீட்டர். டிப்பர் கொட்டியபடியே நிற்கிறது, சரிவு 38 பாகை இருக்கும். உள்ளே பெரிய கழிவுக்கல், மேலே சவுடும் சரளையும், இடையிடையே வயர் சா (கல் அறுக்கும் கம்பி ரம்பம்) ஓட்டிய வெள்ளைச் சேறு காய்ந்து கிடக்கிறது. கிழக்குப் பக்கம் மேட்டடிக்கும் பக்கத்துக் காட்டு வரப்புக்கும் நடுவே 6 மீட்டர்தான் இடம். அந்தப் பக்கச் சரிவின் நீளம் 90 மீட்டர்.

ஆரம்பத்தில் எடுத்த மேல்மண் தனிக் குவியலாக இருக்கிறது, 20க்கு 15 மீட்டர், நடுவில் 3 மீட்டர் உயரம். 6 வருடமாகக் கிடக்கிறது.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன நிபந்தனை (சுரங்க வேலை முடிந்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் வளரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது) இதற்கும் பொருந்தும் என்பதால் சும்மா விட முடியாது. சோதனைக்காக 10 சென்ட் சரிவில் ஆடி மாதம் கொழுக்கட்டைப் புல் விதை தூவினோம். மேலே ஒன்றும் இல்லை. அடியில் மட்டும் ஒரு கோடாக முளைத்தது, அதுவும் ஒரு மாதத்தில் மஞ்சளாகிவிட்டது. மேல்மண் எவ்வளவு தடிமன் போட வேண்டும், விதை அளவு என்ன, எந்த மாதம், என்ன மரம்? விதைப்பந்து வீசலாம் என்று ஊரில் சொல்கிறார்கள், அது சரிவருமா? ஆடு மேயும் இடம் என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

ஏழரை_மீட்டர்:
விதையைப் பிறகு பார்க்கலாம் அண்ணே, உங்க தப்பு முக்கால்வாசி மண்வேலையில இருக்கு. 38 பாகைன்னா கொட்டின மண் தானா நிக்கிற கோணம். அதுல எந்த விதையும் தங்காது, ஒரு பெருமழைக்கு மேல்தோலே உரிஞ்சு கீழ வந்துரும். அடியில கோடா முளைச்சது அதனாலதான். நீங்க தூவின விதை அத்தனையும் அங்க போய்ச் சேர்ந்திருக்கு.

சரிவைக் குறைக்கணும். புல்லும் நிக்கணும், ஆளும் நடந்து களை எடுக்கணும்னா 1க்கு 2.5 (1 உயரம், 2.5 கிடை) நல்லது. 8 மீட்டர் மேட்டுக்கு 20 மீட்டர் கிடை வேணும், இப்ப இருக்கிறது 10 மீட்டர்தான். மத்த மூணு பக்கமும் இடம் இருந்தா மேல் விளிம்பை 5 மீட்டர் உள்ள வாங்கி, வெட்டின மண்ணைக் கீழ தள்ளி, அடியை 5 மீட்டர் வெளிய கொண்டு வாங்க. வெட்டும் நிரப்பும் சரியாப் போயிரும், டிப்பரே வேண்டாம்.

கிழக்குப் பக்கம் அது நடக்காது. பட்டா எல்லையில 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விடணும், உங்களுக்கு ஏற்கெனவே 6 தான் இருக்கு. அடியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது. அங்க ரெண்டு படியா வெட்டுங்க: கீழ 4 மீட்டர் 1க்கு 1.5 சரிவு, நடுவுல 3 மீட்டர் அகலத் திட்டு, மேல இன்னொரு 4 மீட்டர் 1க்கு 1.5. மேல் விளிம்பு 5 மீட்டர் உள்ள போகும். ஓட்ட மீட்டருக்கு 19 கன மீட்டர் வெட்டு, 90 மீட்டருக்கு 1,700 சொச்சம். படி வைக்காம முழுசா 1க்கு 2.5 ஆக்கினா இதுக்கு ரெண்டு மடங்கு வெட்டணும். வெட்டின மண்ணை மேட்டு உச்சியில உள்பக்கமாப் பரப்புங்க, குழிக்குள்ள தள்ளாதீங்க. குழியை நிரப்புறது மூடல் திட்டத்துல (குவாரியை மூடும்போது என்னென்ன செய்யணும்னு எழுதின திட்டம்) இல்லாம செய்யக் கூடாத வேலை, கனிமவளத் துறைகிட்ட கேக்காம கை வைக்க வேண்டாம். அடியில கழிவுக்கல்லையே அடுக்கி ஒன்றரை மீட்டர் அணைப்பு கட்டிருங்க. கல்லுக்கா பஞ்சம் உங்க இடத்துல.

தண்ணி போற வழிதான் அடுத்தது. மேட்டுச்சமதளம் உள்பக்கமா 2 சதம் சாயணும், விளிம்புல 2 அடி வரப்பு. நடுத்திட்டும் உள்பக்கம் 3 சதம் சாய்ஞ்சு, நீளவாக்குல 1 சதம் ஓட்டத்தோட ஒரு கல் பாவின வாய்க்கால்ல விழணும். அந்த மாதிரி இறக்கு வாய்க்கால் 30, 40 மீட்டருக்கு ஒண்ணு. அடியில சுத்து வடிகாலும் அதோட கடைசியில வண்டல் குழியும். வாட்டர்ஷெட் வேலையில பழகினவங்க சரிவு முழுக்கச் சமமட்டக் குழி வெட்டச் சொல்லுவாங்க. அது இயற்கையான குன்றுக்குச் சரி. கொட்டின மேட்டுச்சரிவுல தண்ணியைத் தேக்கினா உள்ள இறங்கி மொத்தமாச் சரியும்.

கடைசியா டோசர் ஓட்டுற விதம். சரிவுல மேலும் கீழுமா ஓட்டணும். அப்பத்தான் சங்கிலித் தடம் சரிவுக்குக் குறுக்கே படிக்கட்டு மாதிரி விழும், விதையும் மழைத்தண்ணியும் அதுல தங்கும். குறுக்கால ஓட்டினா தடம் மேலிருந்து கீழ கோடு போடும், ஐப்பசியில ஒவ்வொரு கோடும் ஒரு ஓடை. ஹிட்டாச்சி மட்டும்தான் இருக்குன்னா பக்கெட் பல்லால குறுக்குக் கீறல் போதும். பளபளன்னு வழிச்சு விடச் சொல்லாதீங்க. ஓட்டுநர்கள் அழகுக்குன்னு பக்கெட் முதுகால தட்டிச் சமன் பண்ணுவாங்க, அந்த அழகுல ஒரு புல்லும் வராது.

டிப்பர் ஓடி இறுகின மேட்டுச்சமதளத்தை 50, 60 செ.மீ. ஆழத்துக்கு ரிப்பரால (டோசர் பின்னால மாட்டுற இரும்புப் பல்) கீறணும், அதுவும் காய்ஞ்சிருக்கும்போது. ஈரத்துல கீறினா பல் போன இடம் மட்டும் வெட்டுப்படும், பக்கத்து மண் உடையாது. எல்லாம் ஆவணிக்குள்ள முடியணும்.

நரிப்பயறு:
மண்வேலை பற்றி மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். மேல்மண் கணக்கைப் பாருங்கள்.

உங்கள் குவியல் 20 × 15 × 3, கூம்பிய வடிவத்துக்குக் கழித்தால் ஏறக்குறைய 540 கன மீட்டர், 190 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 30 செ.மீ. தடிமனுக்கு ஏக்கருக்கு 1,214 கன மீட்டர், அதாவது 430 யூனிட், 3 யூனிட் டிப்பரில் 143 நடை. 2 ஏக்கருக்கு இரண்டு மடங்கு. உங்களிடம் இருப்பதை முழுக்கப் பரப்பினால் 7 செ.மீ.கூட வராது. அது முதல் மழையில் சரளைக்குள் இறங்கிக் காணாமல் போகும். வெளியிலிருந்து செம்மண் வாங்கி அடிப்பதும் வேண்டாம், இன்னொரு இடத்தைத் தோண்டித்தானே அது வரும்.

ஆகவே பங்கு போடுங்கள். மேட்டுச்சமதளத்தில் பாதி, நடுத்திட்டு, சரிவின் அடி மூன்றில் ஒரு பங்கு, இவற்றுக்கு மட்டும் 15 செ.மீ. அதற்கு 540 கன மீட்டர் கிட்டத்தட்ட 90 சென்ட் வரை வரும். அதிலிருந்தே மரக்குழிக்கும் கொஞ்சம் ஒதுக்கிவிடுங்கள். மீதி இடத்தில் இருக்கிற சவுட்டிலேயே ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரத்தைக் கொத்திவிட்டு விதைக்கலாம். 3 மீட்டர் உயரத்தில் 6 வருடம் கிடந்த குவியலில் நடுப்பகுதி மண் உயிரற்றுப் போயிருக்கும், விதை வளமும் மேல் ஓரடியில்தான் மிச்சம் இருக்கும். பொக்லைன் வைத்துப் புரட்டி மேலும் உள்ளும் கலந்து எடுத்துப் போங்கள்.

வெள்ளைச் சேறு தனிப் பிரச்சினை. அது மாவாக அரைந்த கல். காய்ந்தால் சிமெண்டு மாதிரி, நனைந்தால் காற்றே புகாது. மேல் 60 செ.மீ.க்குள் அது வரக் கூடாது, ஆழத்தில் புதையுங்கள்.

மஞ்சள் ஏன் வந்தது என்றால், அடி இலை முதலில் மஞ்சளாகி மேல் இலை பச்சையாக இருந்தால் தழைச்சத்துப் பசி. கல்மண்ணில் சாம்பல்சத்து பெல்ஸ்பார் என்ற கனிமத்தில் ஓரளவு இருக்கும், தழையும் மணியும்தான் இருக்காது. இலை ஊதா கலந்து கறுத்தால் மணிச்சத்து. மொத்த இலையும் வெளிறி, பிடுங்கினால் வேர் 2 செ.மீ.யில் மடங்கியிருந்தால் பசி இல்லை, கீழே இறுக்கம். இதை முதலில் பிடுங்கிப் பாருங்கள். மண் பரிசோதனைக்கு 5, 6 இடத்தில் 15 செ.மீ. ஆழத்தில் எடுத்துக் கலந்து, கல்லைச் சலித்துவிட்டு அரைக் கிலோ கொடுங்கள். கூடவே சலித்ததில் கல் எத்தனை பங்கு என்று எடை போட்டுக் குறித்து வையுங்கள். 'ஏக்கருக்கு இவ்வளவு' என்று தாளில் வருவது முழு மண்ணுக்கு, உங்களிடம் பாதி கல்லாக இருக்கலாம். நிலக்கரிச் சுரங்க மேடுகளில் கந்தகத்தால் புளிப்பு ஏறும், அதற்குச் சுண்ணாம்பு போடுவார்கள். கிரானைட்டில் அந்தத் தொல்லை இல்லை. யாராவது சுண்ணாம்பு போடச் சொன்னால் கேட்காதீர்கள், ஏற்கெனவே சுக்கான் (சுண்ணாம்புக் கல்) உள்ள மண்ணில் அது கேடு.

உரம்: ஏக்கருக்கு 100 கிலோ சூப்பர் பாஸ்பேட் அடியில். யூரியா முதல் வருடம் வேண்டாம். புல் மட்டும் எகிறிப் பயறுவகையை அமுக்கிவிடும், அடுத்த வருடம் தழைச்சத்து தர ஆள் இருக்காது.

ஏக்கருக்கு விதை: கொழுக்கட்டைப் புல் 4 கிலோ, முயல் மசால் 3, கொளுஞ்சி 4, நரிப்பயறு 3, ஆவாரை 1, நிழலுக்குக் கம்பு ஒன்றரைக் கிலோ. சரிவில் எல்லாமே ஒன்றரை மடங்கு, கம்பு தவிர. கம்பு அடர்ந்தால் அடியில் உள்ளது செத்துப்போகும்.

இது உயிருள்ள விதைக்கான கணக்கு. வாங்கிய மூட்டையில் எத்தனை பங்கு விதை, எத்தனை பங்கு தூசி என்று பாருங்கள். 100 விதையை ஈரச் சாக்கில் சுருட்டி 10 நாள் கழித்து எண்ணுங்கள். சுத்தம் 70 சதம், முளைப்பு 40 சதம் என்றால் உருப்படியானது 28 சதம்தான். அப்படியானால் 4 கிலோவுக்கு 14 கிலோ வாங்க வேண்டும். கொழுக்கட்டைப் புல்லில் அந்த வருடம் அறுத்த புது விதை சரியாக முளைக்காது, 6 மாதமாவது ஆறப்போட்ட விதையாகக் கேளுங்கள்.

முயல் மசாலுக்குத் தோல் கடினம். 80 பாகை வெந்நீரில் 4 நிமிடம், பிறகு இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீர். வெப்பமானி இல்லையென்றால் 3 லிட்டர் கொதிநீரில் ஒன்றேகால் லிட்டர் சாதாரணத் தண்ணீர் ஊற்றினால் ஏறத்தாழ அந்தச் சூடு வரும். கொளுஞ்சியைச் சம அளவு மணலோடு சேர்த்துச் சாக்கில் தேய்த்தால் போதும். ஆனால் எல்லா விதையையும் பதப்படுத்தாதீர்கள். பாதிதான். பதப்படுத்தியது இந்த மழைக்கு, பதப்படுத்தாதது மண்ணிலேயே கிடந்து அடுத்த மழைக்கு. இந்த வருடம் மழை ஏமாற்றினாலும் கைமுதல் போகாது. ஊறவைத்ததை நிழலில் உலர்த்தி, ரைசோபியத்தை (பயறுவகை வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) அரிசிக் கஞ்சியில் கலந்து பூசுங்கள்.

ஆடிப்பட்டம் இங்கே உதவாது. மதுரையில் ஆடிக் காற்று கொழுக்கட்டைப் புல்லின் பஞ்சு விதையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும். நமக்கு நம்பிக்கையான மழை வடகிழக்குப் பருவமழைதான். புரட்டாசிக் கடைசியில் 60 சதம், ஐப்பசியில் ஒரு நல்ல உழவு மழை இறங்கியபின் மீதி 40. புரட்டாசி இடி மழைக்கு முளைத்து, 15 நாள் வெயிலில் கருகுவது இங்கே வழக்கம், அதற்குத்தான் இந்தப் பிரிப்பு. விதையை நான்கு பங்கு ஈர மணலோடு பிசறித் தூவி, முள் கொப்பு ஒன்றை இழுத்துவிடுங்கள். 1 செ.மீ.க்கு மேல் மூடினால் புல் வராது.

போத்து:
விதைப்பந்து பற்றி யாரும் சொல்லவில்லை. சரிவில் உருண்டு அடியில்தான் சேரும், கெட்டிக் களிமண்ணாகப் பிடித்திருந்தால் உள்ளேயே வெந்துவிடும். பெருங்கல் குவியல்களின் இடுக்கில், கைவிட்டு மண் தொடும் இடமாகப் பார்த்துச் சொருகினால் மட்டும் பயன். வீசிவிட்டுப் போட்டோ எடுக்க நல்லது.

கிழக்குப் பக்கம் 1க்கு 1.5 சரிவுக்கு விதை மட்டும் போதாது, தென்னை நார் வலை விரிக்க வேண்டும். மேல் விளிம்பில் ஓரடிக் குழியில் வலையின் நுனியைப் புதைத்து, மேலிருந்து கீழே உருட்டி, பக்கவாட்டில் 15 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள். ஓரடி ஆணி அல்லது மூங்கில் முளை, மீட்டருக்கு ஒன்று. வலை மண்ணோடு ஒட்ட வேண்டும். கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றால் அடியில் ஓடை வெட்டும், வெளியே இருந்து தெரியாது. நடுத்திட்டு விளிம்பில் வெட்டிவேர் நாற்று 15 செ.மீ.க்கு ஒன்று, ஒரே வரிசை, இடைவெளி விடாமல். மற்ற சரிவுகளுக்கு மூடாக்காக வைக்கோல் போட்டால் மாடும் ஆடும் தேடி வரும். கரும்புத்தோகை போடுங்கள். மக்காத நார்க்கழிவு இருக்கிற கொஞ்சத் தழைச்சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், மக்கியது என்றால் மட்டும் சரி.

மரம்: சமதளத்தில் 3 × 3 மீட்டர், ஏக்கருக்கு 449 குழி. சரிவில் 4 மீட்டர். குழி 2 அடிக்கு 2 அடி. இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு கண்மாய்க் கரம்பை, ஒரு பங்கு தொழு உரம், 50 கிராம் வேர் உட்பூசணம் (வேரோடு சேர்ந்து வாழ்ந்து சத்து எடுத்துத் தரும் பூஞ்சை). அடியில் வெறும் கல் இடுக்கு என்றால் போட்ட மண் எல்லாம் கீழே ஒழுகிவிடும், முதலில் சரளையும் தேங்காய் மட்டையும் போட்டு அடைத்துவிட்டு நிரப்புங்கள். கரம்பையைத் தனியாக மேடு முழுக்கப் பரப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கி வழுக்கும். குழிக்குள் மட்டும் போதும். வண்டல் எடுக்க முறையான அனுமதி வாங்கிவிட்டு வண்டியை இறக்குங்கள்.

மேட்டு உச்சியில் உசிலை, வெள்வேல், வேம்பு. உசிலம்பட்டிக்குப் பேர் கொடுத்த மரம், இந்த வெயிலுக்கும் கல்லுக்கும் அதற்கு மேல் ஒன்று கிடையாது, ஆனால் நாற்றங்காலில் கேட்டால்தான் தருவார்கள். அடிவாரத்தில் புங்கன், இலுப்பை. வண்டல் குழிப் பக்கம் நாவல், மருது. கல் அணைப்பின் இடுக்கில் இச்சி. எல்லையில் பனங்கொட்டை, ஆவணி புரட்டாசியில் விழுந்ததை 3 மீட்டருக்கு ஒன்று, அரை அடி ஆழத்தில். கன்று ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். 6 அடிக் கன்று பையில் வேர் சுருண்டு வளர்ந்தது, கல்மேட்டில் முதல் பங்குனியைத் தாண்டாது. தைலமரம், சூபாபுல் இரண்டையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குழிக்குக் கீழ்ப்பக்கம் 2 மீட்டர் அகலத்தில் பிறை வரப்பு, சமதளத்தில் மட்டும். மாசியிலிருந்து ஆடி வரை வாரம் ஒரு முறை கன்றுக்கு 10, 15 லிட்டர். தினம் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேலேயே சுற்றும். குவாரிக் குழித் தண்ணீரை உப்பு அளவு பார்த்துவிட்டு இறைக்கலாம். குழி விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் எதையும் நட வேண்டாம், தண்ணீர் ஊற்றப் போகிற ஆள் விழுந்துவிடுவார். குழியைச் சுற்றி வேலி போடுவதுதான் முதல் வேலை.

ஆடு: கொளுஞ்சி, ஆவாரை, விராலி இவற்றை ஆடு சீண்டாது. ஆடாதொடைக்குப் பேரிலேயே இருக்கிறது. வெளி வரிசை 3 மீட்டர் அகலத்துக்கு இவை. கிளுவைப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) ஓரடிக்கு ஒன்று ஊன்றினால் உயிர்வேலி, ஆனால் தழை தின்பதால் முதல் வருடம் அதற்கே காவல் வேண்டும். அதுவரை சீமைக்கருவேல் முள் அடைப்பு. காய் பிடிக்காத கொப்பாக வெட்டுங்கள்.

சுக்கான்காடு:
மிக்க நன்றி. பிடுங்கிப் பார்த்தேன், வேர் 2 செ.மீ.யில் மடங்கித்தான் இருக்கிறது. ஒரு சந்தேகம். தொழு உரத்துக்குப் பதில் ஆட்டு எரு மலிவாகக் கிடைக்கிறது, 10 டன் வரை. போடலாமா? அல்லது மேட்டிலேயே ஆட்டுக்கிடை போடச் (இரவில் மந்தையை அடைக்கச்) சொல்லவா?

நரிப்பயறு:
கிடை வேண்டவே வேண்டாம். ஆடு சீமைக்கருவேல் காயைத் தின்னும், விதை வயிற்றில் சாகாது, புழுக்கையோடு முளைப்புக்குத் தயாராக விழும். ஒரே மழையில் மேடு முழுக்கக் கருவேலக் கன்றுதான். எருவை வாங்கினால் 3 மாதம் குவித்து, ஈரம் வைத்து, மூன்று முறை புரட்டுங்கள். உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறினால்தான் அந்த விதை சாகும். அப்படியும் தப்பி வருவதைக் கார்த்திகையில், மண் ஈரமாக இருக்கும்போது, ஓரடிக்குள் வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் அடியிலிருந்து நாலாக வெடிக்கும்.

வேர் மடங்கியிருக்கிறது என்றால் அந்த 10 சென்ட்டையும் கீறிவிட்டுத்தான் மறுவிதைப்பு.

வெறும்பாறை:
எல்லாரும் முழுசாப் பச்சையாக்கச் சொல்றீங்க. ஒரு மாற்றுக் கருத்து. கழிவுக்கல் குவியல்ல ஒண்ணு ரெண்டை அப்படியே விடுங்க, குழியோட செங்குத்துச் சுவர்ல ஒரு பக்கத்தையும். அதே மேலூர் வட்டத்துல இருக்கிற அரிட்டாபட்டியை 2022ல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. அங்க பாறைச் சரிவுகளை நம்பித்தான் கழுகும் வல்லூறும் இருக்கு. ஓணான், அரணை, கீரிக்கெல்லாம் கல் இடுக்கு வேணும். மேல்மண் பத்தாதுன்னு மேல கணக்கே போட்டுட்டாங்களே, அப்ப மண் இல்லாத இடத்தைக் கல்லாவே விடுறதுல என்ன நட்டம்? மரத்தையும் 449 குழின்னு கட்டம் போட்டு நிரப்ப வேண்டாம். நம்ம ஊரு மேடு புதரும் புல்லும் கலந்த காடு. பாதிக் குழி போதும், மிச்சம் ஆவாரையும் புல்லும் எடுத்துக்கட்டும்.

ஏழரை_மீட்டர்:
ஒத்துக்கிறேன், ஒரு நிபந்தனையோட. கல் குவியலை விடுறதா இருந்தா அது சரிவு மேல இருக்கக் கூடாது, சமதளத்துலயோ அடி அணைப்புக்கு உள்பக்கமோ இருக்கணும். செங்குத்துச் சுவரை விட்டா அதுல தொங்குற உதிரிக்கல்லை முதல்ல தட்டி விடணும். அதோட எந்த இடத்தைக் கல்லா விடுறீங்கன்னு மூடல் வரைபடத்துலயே குறிச்சிருங்க, இல்லேன்னா ஆய்வுக்கு வர்றவங்க வேலை முடியலைன்னு எழுதிட்டுப் போயிருவாங்க.

போத்து:
மேய்ச்சலை எப்போது விடலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். முதல் வருடம் கிடையாது. இரண்டாம் வருடம் தை மாதம் விதை உதிர்ந்தபின், ஒரு சாண் கட்டை விட்டு அறுத்து எடுத்துப்போக மட்டும் விடுங்கள். மூன்றாம் வருடத்தில் ஒரு கெஜச் சதுரக் கயிறு வைத்துப் பத்து இடம் பாருங்கள். ஏழு இடத்தில் முக்கால்வாசி தரை மூடியிருந்தால் சமதளத்தில் மட்டும் ஆட்டை விடலாம். சரிவில் எப்போதும் அறுப்புத்தான், குளம்பு பட்டால் வலைக்கு மேல் உள்ள மண் பெயர்ந்துவிடும்.